நீலப் பட்டை ஒட்டிய கம்ப்யூட்டர் பெட்டி

அன்பு மகன் பெனியமினாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் உடம்புக்கு நலம், உன் அப்பாவின் முழங்கால்கூட இந்த மாதம் சும்மா இருக்கிறது. நீயும் ஆக்லாந்துக் குளிரில் காலுறை போட்டுக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம் பண்ணுகிறேன். மனசுக்கு நலமா என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், உட்காரவும் முடியவில்லை, இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். வீடியோவில் பேசலாமென்றால், தூணும் கூரையுமாக நிற்கிற நம் வீட்டுக்குச் சுவரா இருக்கிறது. நீ திரையில் வந்ததும் அப்பா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், ரோட்டில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டி பெனி எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். இது அப்படிப் பேசுகிற விஷயமில்லை. போதகர் மகள் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்பலாமென்று காகிதம் எடுத்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு நீ அனுப்பிய இரண்டு கம்ப்யூட்டர் பெட்டியும் சனிக்கிழமையே வந்துவிட்டது, அதைப் போனில் சொன்னேன். அன்றைக்கு என்ன மழை தெரியுமா, படகுத் துறையிலிருந்து கூரியர் சாமான் ஏற்றி வருகிற நம் மசெலினோ தன் பிக்கப்பை நத்தை மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டி நின்றதும் பார்த்தால், முன் சீட்டில் இரண்டு பெட்டியும் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, அவற்றுக்கு பெல்ட் வேறு, அவன் பெண்டாட்டி தெலேசியா பின்னால் திறந்த தொட்டியில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்து கிடக்கிறாள். பாருங்கக்கா, கம்ப்யூட்டர் வந்ததும் கட்டுன பொண்டாட்டிய பின்னாடி தூக்கிப் போட்டுட்டாரு என்றாள். அதற்கு மசெலினோ, நீ நனைஞ்சா காஞ்சுக்குவ, அது நனைஞ்சா காயுமா என்றான். எல்லாரும் சிரித்தோம். மாதர் சங்கத்துப் பெண்கள் பாய் பின்னியும் பிங்கோ விளையாட்டு நடத்தியும் சேர்த்த காசு ஆயிற்றே, குழந்தையை இறக்குவதுபோல இருவர் பிடித்து இறக்கினார்கள்.

நீ சொல்லியிருந்தாயே, நீலப் பட்டை ஒட்டியதை மட்டும் அம்மா நீ முதலில் திற, வேறு யாருக்கும் காட்டாதே என்று. அப்படியே செய்தேன். உன் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சமையல் குடிசைக்குள் கொண்டுபோய்த் திறந்தேன். மேலே, எல்லாரும் வெள்ளை உடுத்திக் கோவிலுக்குப் போகிற வெள்ளை ஞாயிறு பண்டிகைக்கு எனக்கு ஒரு கவுன், அதன் கீழே புதுத் துண்டுகள், துண்டுகளுக்கு இடுக்கிலெல்லாம் பெரிய பெரிய மாட்டிறைச்சி டின்கள். கடைக்காரன் வைத்த நுரைப் பஞ்சுக் கட்டையை எடுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் இதையெல்லாம் அடைத்திருக்கிறாய். உன்மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் போனில், பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்குமா மகனே என்று கேட்டது யார், நான்தானே. நம் ஆட்களில் யார் பெட்டியைக் காலியாக அனுப்பியிருக்கிறோம், உன் மாமா அனுப்பிய தையல் மிஷினுக்குள்கூட மிட்டாய் இருந்தது. காற்றுக்கு யாராவது கூரியர் கூலி கொடுப்பார்களா என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் கடைசி டின்னை எடுக்கும்போது அது வரவில்லை பெனி. கம்ப்யூட்டரின் கருப்புத் தகட்டில் அதன் விளிம்பு அமுங்கிப் போய் மாட்டியிருந்தது. இழுத்து எடுத்தேன், டின் விளிம்பில் கருப்புச் சாயம் ஒட்டியிருந்தது. தகட்டைக் கட்டைவிரலால் நீவிவிட்டேன், துணி மடிப்பா நீவினால் போக. வெளித்தகடுதானே, உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துண்டுகளை மறுபடி சுற்றிப் பட்டையை ஒட்டிவிட்டேன். மறுநாள் கோவிலுக்குப் போய் வந்து அந்த இறைச்சியில் ஒரு டின்னை வெங்காயம் போட்டு வதக்கி சேப்பங்கிழங்கோடு வைத்தேன். உன் அப்பா மூன்று தரம் போட்டுக்கொண்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, சாப்பாட்டை அவர் என்றைக்கும் விசாரித்ததில்லை.

திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊரே கூடிவிட்டது. பாட்டு, ஜெபம், போதகர் பேச்சு எல்லாம் முடிந்து தலைமையாசிரியர் முதல் பெட்டியைத் திறந்தார், நுரைக் கட்டைக்கு நடுவில் கம்ப்யூட்டர் முட்டைபோல உட்கார்ந்திருந்தது, பொத்தானை அமுக்கியதும் எரிந்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்து நீலப் பட்டை. துண்டுகளைப் பார்த்ததும் அவர், நம்ம பெனியமினாவுக்கு எவ்வளவு அக்கறை பாருங்க, புதுத் துண்டாப் போட்டுச் சுத்தியிருக்கான் என்றார். பொத்தானை அமுக்கினார், ஒன்றும் இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பலகை ஒன்று விரிசல் விட்டிருந்தது. பிறகு யாரோ, ஒரே வண்டியில வந்த ரெண்டு பெட்டி, ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு நொறுங்கியிருக்கு, அப்போ கீழ போட்டது யாரு என்றார்கள். எல்லாரும் மசெலினோவைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஊர்ச்சபை கூடியது. ஊர்த் தலைவர்களோடு சபையில் உட்காருகிற உன் அப்பாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டதாம். என் மகன் துண்டு சுத்தி அனுப்பினத இவன் துறைமுகத்துல உருட்டி விட்டிருக்கான் என்றாராம். பெரிய பன்றி ஒன்றும் இருபது பெட்டி மீன் டின்னும் அபராதம், சனிக்கிழமைக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் தலைநகர் ஆப்பியாவில் கூரியர் அலுவலகத்துக்குப் புகார் போகும், அவன் வண்டி வேலையும் போகும். மசெலினோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நான் போடல, எனக்கு அது மட்டுந்தான் தெரியும் என்று ஒரே ஒரு தரம் சொன்னானாம். அவனிடம் குட்டி போட்ட தாய்ப்பன்றி ஒன்றுதான் இருக்கிறது. மீதிக்குப் பிக்கப்பைத்தான் விற்க வேண்டும்.

இதோ எழுந்து போய்விட்டு வந்தேன், நம் பெரிய பன்றி வேலியைத் தாண்டி என் சேம்பங்கொல்லையைக் கிளறிக்கொண்டிருக்கிறது, உன் அப்பா அதை விற்கவும் மாட்டார் வெட்டவும் மாட்டார், பெயர் வைக்காததுதான் குறை. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை குழாயடியில் தெலேசியா இருந்தாள். நான் குடத்தை வைத்ததும் அவள் தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன், அதற்குப் பதிலாக, அக்கா, உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, அங்க ஆக்லாந்துலயே பெட்டி விழுந்திருக்கலாமில்ல, அவன் அந்த வேலையிலதானே இருக்கான், அவனுக்குத் தெரியும் என்றாள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் கூரியர் கிடங்கில், உடையும் சாமான் என்று கண்ணாடிக் கோப்பைப் படம் போட்ட பெட்டியையும் படம் போடாததையும் ஒரே மாதிரித்தான் வீசுவோம் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அது காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வீசினாலும் தாங்கத்தான் அந்த நுரைக் கட்டை, அதை எடுத்துவிட்டு டின்னை வைத்தால் வீசுகிற ஒவ்வொரு தரமும் உள்ளேயிருந்தே சுத்தியலால் அடித்த மாதிரிதானே. தினமும் அதே வேலை பார்க்கிற உனக்கு இது தோன்றவில்லையா, தோன்றியும் அம்மா கேட்டாளே என்று வைத்தாயா. எதுவானாலும் எனக்குத்தான் வலிக்கிறது. சாயம் ஒட்டிய அந்த டின்னை மட்டும் திறக்காமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. அப்பாவிடம் சொன்னால் சபையில் அவர் முகம் என்னாகும். சொல்லாவிட்டால் மசெலினோவின் வண்டி என்னாகும். எனக்கு இப்போது எழுத வரவில்லை, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை. விடிந்ததும் உன் அப்பா தோட்டத்துக்குக் கிளம்பிப் போனார். நான் துணிப்பெட்டியைத் திறந்து, உன் கல்யாணத்துக்கென்று மாதக்கணக்கில் பின்னி வைத்திருந்த மெல்லிய பாயை எடுத்தேன், அரிசி டப்பாவிலிருந்து டின்னை எடுத்தேன், மசெலினோ வீட்டு வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்து பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டேன். இப்படி மன்னிப்புக் கேட்டு, அந்த வீட்டார் பாயைத் தூக்கி மன்னிக்கும்வரை உட்கார்ந்திருப்பது ஆம்பிளை செய்கிற காரியம், கொலைக்கும் அடிதடிக்கும் செய்கிற காரியம், ஒரு டின்னுக்காகவா என்று ஊர் சிரிக்கும்தான், சிரிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். தெலேசியா ஓடிவந்தாள். என்னக்கா இது, எழுந்திரிங்க என்றாள். நான் பாய்க்கு வெளியே டின்னை மட்டும் நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டின் விளிம்பிலிருந்த சாயத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, நான் இந்தப் பாயத் தூக்க மாட்டேன், தலை குனிஞ்சது அவரு, அவரே வந்து தூக்கட்டும், முதல் படகுக்குப் போயிருக்காரு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது நியாயம்தான். வெயில் ஏறியது, பாய்க்குள் மூச்சு முட்டியது, ரோட்டில் யார் யாரோ நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஒரு காலடி வந்து நின்றது, தோட்டத்து மண் வாசனை, உன் அப்பா. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். யாரைக் கேட்டு இங்க வந்து உக்காந்திருக்க என்றார். பெட்டியை உடைத்தது மசெலினோ இல்லை, நான் கேட்டு நம் பையன் வைத்த டின் என்று பாய்க்குள்ளிருந்தே சொன்னேன். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கழித்து, ஞாயித்துக்கிழம நான் தின்னது அதுவா என்றார். ஆமாம் என்றேன். வெட்டுக்கத்தியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. தள்ளி உக்காரு என்று சொல்லிவிட்டுப் பாயின் ஓரத்தைத் தூக்கி என் பக்கத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார் பெனி. சபையில் யாருக்கும் குனியாத மனுஷன், அந்த முழங்காலை மடக்கி உட்கார்ந்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது. அழாத, பாய் நனையும் என்றார்.

மசெலினோவின் வண்டி வந்து நின்றது, இன்ஜின் அணைந்தது, தெலேசியா ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். பாய் மேலே போனதும் வெளிச்சத்தில் கண் கூசியது. எழுந்திரிங்கக்கா, வெயில் ஏறுது என்றான் அவன். பிறகு உன் அப்பாவிடம், அண்ணே, நான் போடலன்னு அன்னைக்கே சொன்னேன் என்றான். சொன்ன, நாந்தான் காது குடுக்கல என்றார் அப்பா. தெலேசியாதான், ரெண்டு பேரும் உள்ள வாங்க, கொக்கோ காய்ச்சிட்டேன், அந்த டின்னயும் கொண்டாங்க, சும்மா வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கவா அது என்றாள். அந்த டின்னைத்தான் அங்கே உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம்.

அபராதத்தை நம் தலைக்கு மாற்றச் சொல்லி அப்பாவே சபையில் கேட்டுவிட்டார். பெரிய பன்றி இன்றைக்கே போய்விட்டது, என் சேம்பங்கொல்லைக்கு விடுதலை, ஆனால் வேலிப்பக்கம் அப்பா சும்மா போய் நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பாய் தெலேசியா வீட்டில் இருக்கிறது, அது அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். கோபித்துக்கொள்ளாதே, இன்னொன்று பின்னுகிறேன், நீயும் இன்னும் பெண் பார்த்தபாடில்லை, எனக்கு நேரம் இருக்கிறது. உடைந்த கம்ப்யூட்டர் உனக்குத் திரும்பி வருகிறது, நல்ல பெட்டியிலிருந்த நுரைக் கட்டைகளை எடுத்து நானும் தலைமையாசிரியரும் அதைச் சுற்றி வைத்தோம், துறைவரை மசெலினோதான் கொண்டுபோகிறான், முன் சீட்டில், பெல்ட்டோடு. தெலேசியா வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடையில் காட்டி சரி பண்ணி அனுப்பு, மாதர் சங்கத்துப் பெண்கள் உன்னைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். உள்ளே உனக்கென்று ஒன்றும் வைக்கவில்லை மகனே. கொக்கோ வறுத்து வைத்திருந்தேன், கை போய்ப் போய் வந்தது, வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து வெறுமையாக இருக்கிறதே என்று மனசு சுருங்காதே.

முதுகு வளைத்துப் பெட்டி தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. ஞாயிற்றுக்கிழமை கோவிலை விடாதே. எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், யார் முன்னும் தலை குனிய வேண்டியிராமல் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த தரம் பெட்டி அனுப்பும்போது நான் போனில் இடம் இருக்குமா என்று கேட்பேன், என் வாய் எனக்குத் தெரியும், கட்டாயம் கேட்பேன். இல்லை அம்மா என்று சொல்லிவிடு.

உன் அம்மா
சலாமினா