வழமையான இடம் எது?

1996 ஒக்டோபர், ஞாயிறு இரவு

படுத்தும் நித்திரை வரவில்லை. எழுந்து இதை எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிவில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் அறிவித்தல்களை வாசிப்பது பல வருடங்களாக என் வேலை. இன்று காலை புறப்படும்போது என் மனைவி ரீற்றா கேட்டாள்: "இஞ்சருங்கோ, உதவிக் கூட்டம் வழமையான இடத்தில எண்டு ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறியள். யாழ்ப்பாணத்தால புதுசா வந்த சனத்துக்கு அது எந்த இடம் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவள் கேட்டது நியாயம். அதனால் மாற்றி வாசித்தேன். "பொலிஸ் பதிவில் கரைச்சல் உள்ளவர்கள், எந்த ஊரவராக இருந்தாலும், கோவிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்துக்கு வாருங்கள். வாசலில் ரீற்றா நிற்பா."

பூசை முடிந்ததும் கடைசி வாங்கில் இருந்த பெண் ஒருத்தி ரீற்றாவிடம் வந்தாள். கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை நடந்த சோதனையில், வெளியூரிலிருந்து வந்து பொலிசில் பதியவில்லை என்று கணவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "கூட்டம் உங்கட கோவில் பங்குச் சனத்துக்கு மட்டும் எண்டு நினைச்சன், அக்கா," என்று அழுதாள்.

ரீற்றா அவளையும் ஃபாதரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். ஃபாதர் சிங்களத்தில் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அதிகாரி மசியவில்லை. ஆளை விடும்வரை போகமாட்டேன் என்று ரீற்றா அங்கேயே இருந்துவிட்டாளாம். பின்னேரம் விட்டார்கள். புருசனும் மனைவியும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். சோற்றில் கை வைத்ததும் அந்த மனிதர் விம்மிவிட்டார்.

அவர்கள் போன பிறகு, "வாற கிழமை அறிவித்தலை நீரே வாசியும்," என்றேன்.

"வாசிக்கிறன். மைக்கை மட்டும் என்ர உயரத்துக்குக் கொஞ்சம் பதிச்சு வையுங்கோ," என்றாள்.