யப்பான் நாடகத்தின் உடுப்புப் பட்டியல்

இன்று காலை வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருக்கிற லோன்றிக்குப் போயிருந்தேன். கழுவக் கொடுத்த சேலையை எடுக்க வேண்டும். கடைக்காரர் என் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே தேடப் போனார். என் முகத்துக்கு நேரே யாரோ ஒரு காவலாளியின் காக்கி உடுப்பு கம்பியில் தொங்கியது. கஞ்சி போட்டு, அப்போதுதான் சூட்டோடு தேய்த்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சேலையும் மறந்தது, கொண்டுபோன குடையும் மறந்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்று தெரியும். பதில் வராத கடிதம் எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது. அதெல்லாம் உங்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யார் யாரிடமோ கேட்டு எழுதியவை. உங்களுக்கே எழுதுவது இதுதான் முதல் தடவை.

கொட்டாஞ்சேனையில், நம் தேவாலயப் பங்கு மண்டபத்தில், நாடகத்துக்கான நான்கு காக்கி உடுப்பையும் முதன்முதலாகப் போட்டுப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? உங்கள் அம்மா தைத்தது. ஒருவருக்கும் இடுப்புப் பொருந்தவில்லை. நீங்கள் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடை நடுவில் நின்று, "யப்பானைப் பிடிச்சாச்சு, இதைப் பிடிக்கத்தான் ஏலாமல் கிடக்கு" என்றீர்கள். பின்னால் ஊசியோடு நின்ற உங்கள் அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புதுத் துணியும் கஞ்சியும் மண்டபம் முழுக்க மணந்தது.

அந்த நாடகம் உங்கள் அப்பா உங்களுக்கு விட்டுப்போன சொத்து. உலக யுத்தம் முடிந்த கையோடு வெள்ளைக்காரப் பட்டாளம் யப்பானைக் காவல் காக்கப் போனபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த அவரையும் சமையலுக்கென்று கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதாம். திரும்பி வந்தவர் சாகும்வரை அந்தக் கதைகளைத்தான் சொன்னாராம். நீங்கள் அதை எல்லாம் கோர்த்து நாடகமாக்கினீர்கள்.

கதை சின்னது. தோற்றுப்போன யப்பானில் ஒரு விதவையின் வீட்டைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன்ட் வருகிறார். அது நீங்கள். மொழிபெயர்க்கக் கூட வருகிறவர் கொட்டாஞ்சேனைச் சமையல்காரர். அவருக்கு யப்பான் பாஷையில் மீன், உப்பு, நெருப்பு தவிர வேறு சொல் தெரியாது. விதவை நான். முடியாது என்று அந்த விதவை ஓரிடத்திலும் சொல்வதில்லை. வாசலில் குனிந்து வணங்குகிறாள். மரியாதைக்குச் சார்ஜன்டும் குனிகிறார். அவள் இன்னும் தாழக் குனிகிறாள். கடைசியாக நிமிர்கிறவர்தான் மரியாதை தெரிந்தவர் என்று சமையல்காரர் காதில் ஓத, வென்ற பட்டாளத்தின் சார்ஜன்ட் விதவையோடு போட்டிக்கு நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். சப்பாத்தைக் கழற்றினால்தான் உள்ளே போகலாம். கழற்றினால் காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. பெருவிரலை வெளியே வைத்துக்கொண்டு கட்டளை போட அவரால் முடியவில்லை.

பிறகு குளியல். யப்பானில் வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்களாம். அதே தண்ணீரில் வீட்டார் எல்லாரும் முறைவைத்து ஊறுவார்களாம். நம் சார்ஜன்ட் சவர்க்காரக் கட்டியோடு நேரே தொட்டிக்குள் இறங்கி நுரை கிளப்பிப் பாட்டுப் பாடுகிறார். வெளியே துவாயோடு எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில், "இந்த வீடு பட்டாளத்துக்கு உகந்ததல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சமையல்காரர் வைத்த மீன்குழம்பின் உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாத நாடகம்.

"ஏன் இப்ப ஆமி நாடகம்?" என்று நான் கேட்டேன். வீதிக்கு வீதி தடையும், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிற வரிசையும், சுற்றிவளைப்புமாகக் கிடந்த காலம். "எங்கட ஆக்கள் சிரிச்சுக் கனகாலம்" என்றீர்கள். "இங்கத்தை ஆமியை வைச்சு எழுதினால்தானே பிடிப்பாங்கள்? இது யப்பான். வெள்ளைக்காரன். யார் என்ன கேட்கப் போறது?" எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாம் இரண்டு பேரும் படித்த முட்டாள்கள்.

பொலிஸ் அனுமதி இல்லாமல் நாலு பேர் கூடவே பயப்பட்ட நாட்கள். அனுமதி கேட்கும் கடிதத்தைப் பங்குத் தந்தை எழுதினார். அதோடு சேர்க்க வேண்டிய கதைச் சுருக்கமும் மற்றக் கடதாசிகளும் என் பொறுப்பு. நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்த்தேன், சிங்களமும் நன்றாக வரும். எந்தக் கடதாசிக்கும் பின்னால் ஒரு பட்டியல் இணைக்காவிட்டால் எனக்குக் கை நமைக்கும். அதனால்தானே என்னை, பத்திரம் எழுதுகிற "நொத்தாரிசு அம்மா" என்று பகிடி பண்ணுவீர்கள்? அலுவலகப் பழக்கம் போதாதென்று, கொழும்புத் தமிழருக்கு அப்போது இன்னொரு பழக்கமும் இருந்தது. வீட்டில் யார் யார், எங்கே பிறந்தது, எதற்கு வந்தது, எத்தனை நாள் நிற்பது என்று பொலிஸுக்குப் பட்டியல் கொடுத்தபடியே இருந்தோம். முழுக்கச் சொல்லிவிட்டால் காப்பாற்றப்படுவோம் என்று உண்மையிலேயே நம்பினோம்.

அந்த நம்பிக்கையில்தான் நான் தட்டச்சு செய்தேன். இராணுவ உடுப்பு, நான்கு. தொப்பி, நான்கு. சப்பாத்து, இரண்டு சோடி. மரத்தாற் செய்த துப்பாக்கி, இரண்டு. வைத்திருக்கும் இடம் என்று போட்டு, வெள்ளவத்தையில் நீங்கள் வாடகைக்கு இருந்து ஆங்கில வகுப்பும் நடத்திய மேல்மாடி அறையின் இலக்கத்தை எழுதினேன். மண்டபக் கூரை ஒழுகியதால் சாமான்களை அங்கேதானே கொண்டுபோய் வைத்தீர்கள்.

நீங்கள் அந்தத் தாளை வாசித்துவிட்டு, உடுப்பு என்ற வரியில் விரலை வைத்தீர்கள்.

"உடுப்பைப் பற்றி எழுதத்தான் வேணுமோ? ஆமி உடுப்பு வைச்சிருந்தாலே சந்தேகப்படுற காலம். நாடகம் எண்டு மட்டும் போட்டால் போதாதோ?"

"ஒளிச்சால்தான் பிழை" என்றேன். "எல்லாத்தையும் நாங்களே எழுதிக் குடுத்திட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேட்க ஏலாது."

"சரி. நீர் சொன்னால் சரி."

அப்படித்தான் சொன்னீர்கள். சண்டை போட்டிருக்கலாம். தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்கிற நீங்கள் அன்றைக்கு மட்டும் ஏன் அப்படி விட்டுக்கொடுத்தீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் உங்கள்மேல் கோபம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு அக்கா. "பிள்ளை, மாஸ்டரை ஜீப்பில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கேக்க வந்தவங்கள். கையில ஒரு கடதாசி. அதைப் பார்த்துப் பார்த்து ஒண்டொண்டா எடுத்தவங்கள். சப்பாத்து ஒரு சோடி குறையுது எண்டு கட்டிலுக்குக் கீழையும் தேடினவங்கள்."

அந்தச் சோடி உங்கள் காலில் இருந்தது. மேடையில் கடிக்காமல் இருக்க வேண்டும் என்று இரண்டு நாளாகப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தீர்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கையாம். அறைக்குள் வந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

அடுத்த நாள் உங்கள் அம்மாவும் நானும் உங்களைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வாசலில் இருந்தவர் தன்மையாகத்தான் கதைத்தார். இது பகிடி நாடகம் என்கிறீர்கள், அப்படியானால் முழுவதையும் சிங்களத்தில் கொண்டு வாருங்கள், பெரியவர் பார்த்துப் பகிடிதான் என்று கண்டால் ஆளை விட்டுவிடுவார் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டார். நான் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள். ஒவ்வொரு பகிடியையும் சிங்களத்தில் சிரிப்பு வருகிற மாதிரி எழுத வேண்டும், சிரிப்பு வந்தால்தான் நீங்கள் வருவீர்கள். அப்படி ஒரு வேலையை எந்த எழுத்தாளருக்கும் ஆண்டவர் கொடுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பொறுப்பதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். "நங்கி, உட்காருங்கள்" என்று, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுக் கதிரை காட்டினார். ஒருவர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அதிகாரி நாலு பக்கம் புரட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாசித்தால் விளங்கவில்லை" என்றார் சிங்களத்தில். "ஏன் இந்த இரண்டு பேரும் குனிந்துகொண்டே இருக்கிறார்கள்? செய்து காட்டுங்கள் பார்ப்போம்."

நான் எழும்பினேன். மேசைக்கும் இரும்பு அலுமாரிக்கும் நடுவே இரண்டு முழம் இடம். விதவையாக அந்தப் பக்கம் நின்று குனிந்தேன். இந்தப் பக்கம் வந்து சார்ஜன்டாகக் குனிந்தேன். மறுபடி அந்தப் பக்கம். மூன்றாவது தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது கதவடியில் நின்ற கான்ஸ்டபிள் களுக்கென்று சிரித்தான். பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கிற இடம் வந்தபோது அதிகாரி தன் சப்பாத்தை ஒருதரம் குனிந்து பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். தொட்டிக்குள் சவர்க்காரத்தோடு இறங்கிய இடத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லேஞ்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல நாடகம்" என்றார். "எழுதினவர் கெட்டிக்காரர்."

"அப்போ விடுவீர்களா, சேர்?"

அவர் லேஞ்சியை மடித்துப் பையில் வைத்தார். "ஆள் இங்கே இல்லை நங்கி. புதன்கிழமையே வேறு பிரிவுக்காரர் வந்து கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று எங்களுக்கும் சொல்ல மாட்டார்கள்."

அவர் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

ஒரு மாதம் கழித்து அவர்களே ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். நீங்கள்தான் என்று ஓடினோம். மேசையில் உடுப்பு நான்கு, தொப்பி நான்கு, மரத் துப்பாக்கி இரண்டு, சப்பாத்து ஒரு சோடி இருந்தன. என் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தந்தார்கள். மற்றச் சோடி தங்களிடம் இல்லை என்று ஓரத்தில் குறித்து, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். நான் எழுதிக் கொடுத்த சாமானுக்கெல்லாம் ஒருவர் பொறுப்புச் சொன்னார். உங்களைக் கேட்டால், எந்த இடத்திலும் அப்படி ஒரு பெயர் பதிவில்லை என்றார்கள். பிறகு எத்தனை அரசாங்கக் கந்தோர், எத்தனை விண்ணப்பம். எல்லா இடத்திலும் அதே பதில்தான். நம் நாட்டு யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்திய நாளிலும் நான் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு விண்ணப்பத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

நிலையத்தில் சிரித்தார்கள் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னது நான் செய்த அடுத்த பிழை. "சிரிச்சவங்களோ? உண்மையாச் சிரிச்சவங்களோ?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். "அப்ப என்ர பிள்ளைக்கு ஒண்டும் செய்யமாட்டாங்கள்." அந்த ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டினார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட, பக்கத்துக் கட்டில்காரியிடம் அந்தச் சிரிப்பைச் சொல்லச் சொல்லி என்னைத்தான் கேட்டார். நானும் சொன்னேன். பட்டியலைப் பற்றி அவரிடம் ஒருநாள் சொல்லி அழுதேன். என் தலையைத் தடவிவிட்டு, "நீ நல்லதுக்குத்தானே செய்தனீ" என்றார். அந்தப் பாவத்துக்கு எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

இன்னொன்றை அவரிடமும் சொல்லவில்லை, பங்குத் தந்தையிடம் செய்த பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் சிரித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் விடுபடுவீர்கள் என்ற சந்தோஷம் என்று எனக்கே நான் பல வருடம் பொய் சொல்லிப் பார்த்தேன். அது இல்லை. நாடகம் எடுபடுகிறது என்ற சந்தோஷம். முதல் சிரிப்புக் கேட்டதும் எங்கே நிற்கிறேன், எதற்கு வந்தேன் என்பதெல்லாம் மறந்து, அடுத்த சிரிப்புக்காக நடித்தேன். தொட்டிக் காட்சியை வேண்டுமென்றே நீட்டினேன். நீங்கள் எழுதாத ஒரு பாட்டையும் நடுவில் பாடினேன். அதற்கும் சிரித்தார்கள். உங்களிடம் ஓடிவந்து, சிரிப்பு வராதோ என்று நீங்கள் பயந்துகொண்டிருந்த இடத்திலும் சிரித்தார்கள் என்று சொல்ல வேண்டும் போல என் நெஞ்சு துள்ளியது. நான் நடித்து முடித்து, அவர்கள் முன்னால் குனிந்து வணங்கினேன். உங்களை அங்கிருந்து கொண்டுபோய் அப்போது இரண்டு நாள் ஆகியிருந்தது.