நாலு மணி நேரத் தாமதம்

2006 ஆகஸ்ட் 2, புதன்

பட்டாசு ஆலைக் கம்ப்யூட்டருக்குத் துணையாக விருதுநகர் ஆபீசில் இன்னொன்றை வைத்துவிட்டேன். ஆலையில் பதிகிற ஆள்வருகை, ஆர்டர், லோடு எல்லாம் உடனே இங்கே வந்துவிடும். ஆனால் வந்தது நாலு மணி நேரம் வரிசையில் காத்திருந்துதான் இங்குள்ள பதிவில் ஏறும். அங்கே எவனாவது தப்பாக எதையாவது அழித்துத் தொலைத்தால் மீட்பதற்குத்தான் இந்த இடைவெளி. அங்குள்ளவர்களுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது.

முதலாளி தனுஷ்கோடி திரையைப் பார்த்தார். "ஏலே காளிராஜ், பட்டனைத் தட்டுறதுக்கா ஒனக்குச் சம்பளம்?" பல்லைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 5

எதிர்வீட்டு வள்ளித்தாய் அக்கா ஆலையில் வேலை கேட்டு விடுவதாயில்லை. "தம்பி, சீசன் முடியுற மட்டுமாச்சும் சொல்லிவிடுங்க." சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பதினொன்றேகாலுக்கு ஆலையில் வெடித்துவிட்டது. கம்ப்யூட்டர் இருந்த அறையும் போச்சு. மூன்று பேர் செத்துவிட்டார்கள். அதில் வள்ளித்தாய் அக்கா. முதல் நாளே... நான்தானே அனுப்பினேன்?

இங்குள்ளதை முதன்மையாக்க வேண்டும். திரையில் இரண்டு வழி. காத்திருப்பதை எல்லாம் ஏற்றிவிட்டு மாறலாம். அல்லது அதை எறிந்துவிட்டு இப்போதே மாறலாம். மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை; இன்று காலை எட்டு மணிக்கு வந்தவர்களின் பதிவு முழுக்க, அக்கா பெயரும் சேர்த்து, காத்திருப்பில்தான் கிடந்தது.

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "மத்த ரெண்டு பேரும் பழைய ஆளுக, மறைக்க முடியாது. லைசென்சுக்கு மேல ஆள் வச்சது தெரிஞ்சா ஆலையைப் பூட்டிருவான். இவ யாருக்கோ சோறு கொண்டாந்தவன்னு சொல்லிக்கிடலாம். எறிஞ்சிரு."

"மொதலாளி, அவுக எங்க எதிர்வீடு..."

"அப்பம் நீயும் வீட்டுலயே இருந்துக்கிடுதியா?"

உறுதிதானா என்று திரை ஒரு தடவை கேட்டது. ஆம் என்று தட்டினேன்.

ஆகஸ்ட் 8

எறியச் சொன்னது முதலாளி, சரி. தட்டினது யார் கை? தூ!

ஆகஸ்ட் 21

அக்கா மகள் மாரிசெல்வி ஆபீசுக்கு வந்தாள். அம்மா ஆலையில் வேலை பார்த்ததற்கு ஒரு சீட்டு இருந்தால்தான் நஷ்டஈடு கிடைக்குமாம். அப்பன் இல்லாத பிள்ளை.

"ஒனக்கு வேண்டிய பிள்ளதானலே, நீயே காட்டு" என்றார் முதலாளி.

திரையை அவள் பக்கம் திருப்பி, பெயரை அடித்தேன். இல்லை.

"நல்லாப் பாருங்க மாமா. காலைல பேரு பதிஞ்சுட்டுத்தான் உள்ள விட்டாகளாம்."

மறுபடி அடித்தேன். தேதியைப் போட்டும் தேடிக் காட்டினேன். வராது என்று தெரிந்தே.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாரும் வாசலோட வெரட்டுறாக. நீங்க ஒருத்தராச்சும் உக்கார வச்சுத் தேடிப் பாத்தீகளே மாமா" என்று ஆபீசே பார்க்கக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் இன்னொரு தடவை அவள் அம்மா பெயரை அடித்தேன்.