யாழினி முகத்தில் காட்டவில்லை

செப். 15, திங்கள்
என் மகள் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்குத் தெரியாமல். சேர்த்தது அவள் அப்பா செந்தில். கூடப் போனது அவளே. எட்டு வயசு.

டெக்சஸ் பிளானோவில் இன்னும் சித்திரை வெயில். என் மளிகைக் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன், போன். பள்ளி ஆபீஸ் அம்மாள். தடுப்பூசி சீட்டில் ஒரு பக்கம் விட்டுப்போச்சாம், அடுத்த திங்கள் வகுப்புக்கு வருகிறாளே, அனுப்ப முடியுமா. அனுப்புகிறேன் என்றேன். பதினோரு வருஷ வியாபாரம். தெரியாததைத் தெரிந்த மாதிரி கேட்டுக்கொள்ள வரும். மீதியை அந்த அம்மாளே சொன்னாள். 3ஆம் தேதி அப்பாவும் மகளும் வந்து சுற்றிப் பார்த்தார்களாம். பல் டாக்டரிடம் என்று சொல்லிப் போன நாள்.

செய்ய வேண்டியது: ஃப்ரீசர் ரிப்பேர் ஆள். பச்சை மிளகாய். செந்தில்.

செப். 16, செவ்வாய்
காலையில் கேட்டேன். செந்தில் லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "நான் கிளப்பல, அவதான் ஸ்கூல் போகணும்னு கேட்டா. உங்கிட்ட சொன்னா பேசியே மாத்திருவ."

மாற்றியிருப்பேன்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

இங்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நாமே படிக்க வைக்கலாம். மூணு வருஷம் கடைதான் பள்ளிக்கூடம். என்னென்ன சொல்லிக் கொடுத்தேன்:
- தராசில் கிலோ, பவுண்டு.
- பருப்பு மூட்டையில் ஊர் பேர் படித்து மேப்பில் தேடுவது.
- தேதி பார்த்துப் பழைய பாக்கெட்டை முன்னால் அடுக்குவது.
- சின்னவன் கவினுக்கு வாழைப்பழம் எண்ணுவது. எண்ணும்போதே ஒன்றைத் தின்றுவிட்டு மீதியைச் சரியாகச் சொல்வான். கழித்தல் வந்துவிட்டது.

ராத்திரி ரசம் உப்பு.

செப். 17, புதன்
லேசாக மழை. கூட்டமில்லை. யாழினியின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தினம் கற்றது ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தேன். 3ஆம் தேதி, கோணல் தமிழில்: "விலை முடியும்வரை ஆசையை முகத்தில் காட்டக் கூடாது. கொத்தமல்லி."

அன்று காலை காய்கறி மொத்த வியாபாரி வந்திருந்தார். கொத்தமல்லிப் பேரம் முடிந்ததும் இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மத்தியானம் அப்பாவும் மகளும் திரும்பி வந்தபோது வலிச்சுதா கண்ணு என்று கேட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம்" என்றாள். தயிர்சாதம் குழையப் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டாள்.

அந்தத் தயிர்சாதம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

செப். 18, வியாழன்
ஃப்ரீசர் ஆள் வரவில்லை. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தோம், ரெண்டு பேரும். உனக்கு இங்கே என்ன குறை என்றேன். ரொம்ப நேரம் ஒட்டினாள். பிறகு, "எவ்ரிபடி ஹியர் இஸ் அன் ஆன்ட்டி, அம்மா. என் வயசுல யாருமே இல்ல."

அதே நேரம் சேமியா எடுக்க வந்த ஒரு ஆன்ட்டி: "என்ன பாப்பா, ஸ்கூல் லீவா?"

தினம் பத்துப் பேர் கேட்பது. "இதுதாங்க ஸ்கூல்" என்று நான் சொல்வேன், அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இன்றைக்குச் சொல்லவில்லை. யாழினியைப் பார்த்தேன். லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மூணு வருஷத்தில் அந்த நேரத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அதற்காக ஏமாற்றினது ஏமாற்றினது இல்லை என்று ஆகிவிடாது.

செப். 19, வெள்ளி
தடுப்பூசிப் பக்கத்தை நானே அனுப்பினேன். கடை திறக்குமுன் பேசி முடித்தோம். யாழினி அரிசி மூட்டைமேல், நான் ஸ்டூலில். செந்திலைக் கூப்பிடவில்லை. கவின் இந்த வருஷம் என்னோடு. அதில் அவள் தலையிடவில்லை. பல்வலி மாதிரிப் பொய் இனி கிடையாது, தலையாட்டினாள். நான் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கடைக்கு வரக் கேட்டேன். அவள் சனி அரை நாள் என்றாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

முடிந்தது: சனி, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு. ஸ்கூல் லீவா என்று யார் கேட்டாலும் அவளே பதில் சொல்வாள், நான் வாய் திறக்கக் கூடாது.