வசனம் சொல்லிக் கொடுத்தவர்

ஞாயிறு இரவு, ஜெலுத்தோங்.

நேற்று காலை மகள் கிரேஸ் பைபிளோடு வந்தாள். "அப்பா, வசனம் சொல்றேன், சரியான்னு பாருங்க." என் கையில் அப்போதுதான் அரைத்துப் போட்ட காப்பி. படித்துக்கொண்டிருந்த நாவலும் நல்ல கட்டத்தில் இருந்தது. "காப்பி ஆறிடும்மா, அப்புறம் பாக்கலாம்லா" என்றேன். பிறகு நான் கூப்பிடவே இல்லை. சமையலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று சபையில் பிசகாமல் ஒப்பித்தாள். "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று ஞாயிறு பள்ளி ஆசிரியை கேட்டார். கிரேஸ் என்னைப் பார்த்தாள். "அப்பா" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துத் தலையாட்டினேன், மடையன்.

சற்றுமுன் படுக்கப் போகையில் ஜெபித்தாள். "இயேசப்பா, இன்னைக்குச் சர்ச்சுல ஒரு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

பக்கத்தில் மண்டியிட்டிருந்த நான் ஆமென் மட்டும் சொன்னேன்.