அப்பா பெயர் அச்சான சுவரொட்டி

திருவண்ணாமலை,
சித்திரை மாதம், 1984

அன்புள்ள மகன் இராமலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நான் சுகம், மாடு கன்று சுகம், உங்கப்பாவும் உயிரோடு சுகமாக இருக்கிறார். உயிரோடு என்று எழுதியதைப் பார்த்துத் திகைக்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. பிலாயில் நீயும் மருமகளும் நலமா, வெயில் எப்படி.

விஷயம் என்னவென்றால், சித்திரைப் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்காக அடி அண்ணாமலையில் மோர்ப்பந்தல் போட உங்கப்பாவுக்கு ஆசை வந்தது. புண்ணியம் சாமிக்குத் தெரிந்தால் போதாதாம், ஊருக்கும் தெரியணுமாம். பரசுராமன் அச்சாபீசுக்குப் போய், இருக்கிறதிலேயே பெரிய எழுத்து எதுவோ அதில என் பேரைப் போடுன்னிருக்கிறார். அவன் மரத்தில் செதுக்கின பழைய எழுத்துகளை எடுத்துக் காட்டினானாம். ஒவ்வொன்றும் இட்லித் தட்டு அகலம், விளிம்பெல்லாம் சிதைந்து, நடுவில் வெடிப்பு விட்டு, அச்சடித்தால் மை ஒட்டாத இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளை. இவருக்கு அதுதான் பிடித்துப்போயிற்று, மலைப்பாறையாட்டம் என்னா கம்பீரம்னு அங்கேயே மெச்சிக்கொண்டாராம். ஊரில் யார் செத்தாலும் அந்த எழுத்தில்தான் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள் என்பது நண்டுசிண்டுக்கெல்லாம் தெரியும், இவர் கண்ணுக்குப் பெரிசு ஒன்றுதான் தெரிந்தது. கறுப்பு மையில் கோதண்டராமன், நடுவே போட்டோ, மோர் சங்கதி மட்டும் அடியில் எறும்பு வரிசையாக.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வரை சுவரெல்லாம் உங்கப்பாதான். வேங்கிக்காலிலிருந்து எல்லம்மாள் அத்தை தலைவிரிகோலமாக, ஐயோ என் கூடப் பொறந்த பொறப்பேனு மாரடித்துக்கொண்டு வந்தாள். உங்கப்பா வாசலில் மோர்ப்பானை கழுவிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடி, எங்க கிடத்தியிருக்கீங்கன்னு என்னைக் கேட்கிறாள்! மேளக்காரர்கள் வந்து எத்தினி மணிக்கு எடுக்கறீங்கன்னார்கள். என் தம்பி, உன் சக்கரபாணி மாமன், தாலி அறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டு முறை விடக்கூடாதென்று எனக்குக் கோடிப் புடவையே வாங்கி வந்துவிட்டான். நல்ல புடவை, பார்டர்கூடப் பரவாயில்லை, உடுத்திக்கொள்ளத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இவரோ வந்த மாலைகளைப் பார்த்து, ரைஸ்மில்காரர் செத்தப்ப கூட இவ்ளோ இல்ல, நமக்கு ஜாஸ்திதான்னு சந்தோஷப்படுகிறார். இந்த மனுஷனோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறேனோ.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தந்தி கொடுத்தால் நீ பதறுவாய் என்று, உன் மாமன் புடவைக் கடைக்குப் போகிற வழியிலேயே ஒரு கார்டில் சாவுச் சேதி எழுதி உனக்குத் தபாலில் போட்டுவிட்டான். அவன் புத்தியை என்ன சொல்ல. உடனே உனக்குத் தந்தி அடிங்க என்று இவரிடம் சொன்னேன். உன் கல்யாணச் சேதி கேட்டு, இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சத்தம் போட்ட மனுஷன், அவசரமில்ல இருன்னார். மறுநாளும் அதே பேச்சு. பௌர்ணமியன்று மோர் ஊற்றுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சண்டை பிடித்த பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டு, செத்தேன்னாவது வரட்டும்டி, வந்தப்புறம் திட்டினா திட்டிட்டுப் போறான்னார்.

நீ ரயிலில் வழியெல்லாம் அழுதுகொண்டு வருவதை என்னால் தாங்க முடியாதப்பா, அதனால் அவருக்குத் தெரியாமல், மாமன் கார்டை முந்தட்டும் என்று எக்ஸ்பிரஸ் தபாலில் எழுதுகிறேன். உங்கப்பா சாகவில்லை. அதற்காக வராமல் இருந்துவிடாதே. மருமகளையும் அழைத்துக்கொண்டு வா, வழியில் கண்ட தண்ணீரையும் குடிக்காதீர்கள். இரண்டு பேரும் குழந்தை குட்டியோடு தீர்க்காயுசாக இருக்கணும்.

இப்படிக்கு,
இன்னும் சுமங்கலியாக இருக்கும் உன் அம்மா
ஆதிலட்சுமி