மிச்சமாகும் ஆட்கள்

என் பிரியத்துக்குரிய சண்முகம் மச்சானுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோதே எந்தக் கடிதத்துக்கும் பதில் போட்டவர் இல்லை. நேரில் வந்து நின்று பேசினால்தான் உங்களுக்குப் பேச்சு. ஆனாலும் எழுதுகிறேன். மில்லில் நடந்ததை நேற்று செல்வியிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இத எங்க அண்ணன்ட்டல்லா நீங்க சொல்லணும்" என்றாள் உங்கள் தங்கை. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இதை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் இருக்கும் நூல் மில்லில் நீங்கள் பராமரிப்பு மேலாளர், நான் உற்பத்தி மேலாளர். வீட்டில் நீங்கள் எனக்கு மச்சான். மில்லுக்குள் தினமும் சண்டை போடுகிற ஆள். மெஷினை நிறுத்தித் தாருங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்த முடியாது என்று நான் சொல்வேன். "ஒமக்கு மெஷின ஓட்டத்தான் தெரியும் வே, அது சொல்லுதத கேக்கத் தெரியாது" என்று திட்டிவிட்டு, சாயங்காலம் என் வண்டியிலேயே ஏறி வீட்டுக்கு வருவீர்கள்.

முதலாளி நம் இரண்டு பேரையும் வேலைமுறை படித்து வர ஜப்பானுக்கு அனுப்பியபோது மில்லே சிரித்தது. ஒரே அறையில் இவர்கள் எப்படித் தூங்குவார்கள் என்று பந்தயமே கட்டியிருந்தார்கள். பல ஊர் மேலாளர்கள் சேர்ந்து போன குழு அது. ஒரு வாரம் தொழிற்சாலை தொழிற்சாலையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். எல்லாரும் தரையில் போட்டிருந்த கோடுகளைப் படம் எடுத்தோம். கருவிகள் தொங்கும் பலகையைப் படம் எடுத்தோம். நீங்கள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தீர்கள்.

கடைசிக்கு முந்தின நாள் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். கார்களுக்கான உதிரிபாகம் செய்யும் இடம். நம் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பகுதி அளவுதான் இருக்கும். அதை நடத்தியவர் நம் வயதுக்காரர். முன்பு இத்தனை பேர் செய்த வேலையை இப்போது இவ்வளவு குறைவான பேர் செய்கிறார்கள் என்று விளக்கினார். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"மாப்ளே, கேட்டுச் சொல்லும். அப்ப மிச்சமான ஆளுக எங்க போனாவ?"

குழுவில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். விருந்துக்குப் போன வீட்டில் கடனைப் பற்றிக் கேட்டமாதிரி எனக்குக் கூசியது. ஆங்கிலத்தில் கொஞ்சம் மழுப்பி, 'பணியாளர் திட்டமிடல் எப்படி' என்று கேட்டேன். மொழிபெயர்க்க வந்த பெண் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் என் சட்டையைப் பிடித்தீர்கள். "வே, நான் கேட்டத அப்படியே கேளும்."

அப்படியே கேட்டேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கும் போய்ச் சேர்ந்தது உங்கள் கேள்வி. அந்த மனிதர் உங்களைக் கூட்டிக்கொண்டு மூலைக்குப் போனார். அங்கே ஒருவர் தள்ளுவண்டி ஒன்றுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் வரைக்கும் இவர் அந்த உற்பத்தி வரிசையில் இருந்தார் என்றார். அங்கே ஆள் மிச்சமானதும் புது வேலைக்கு இவரைக் கொண்டுவந்தோம். இவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், மற்றவர்கள் அடுத்த யோசனையை எனக்கு ஏன் சொல்லப் போகிறார்கள் என்று கேட்டார்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். வணக்கம் கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி வெகுதூரம் போன பிறகு, "இது ஒண்ணுக்குத்தாம்வே நாம டிக்கெட் எடுத்து வந்தது" என்றீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கியும் போனீர்கள்.

ஊருக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். ஆள் குறையும் என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிச்சமான ஆளை அனுப்பக்கூடாது என்று நீங்கள் சொன்ன இடத்தில் அவருக்குப் போன் வந்துவிட்டது. "பார்க்கலாம் அண்ணாச்சி, மொதல்ல செஞ்சு காட்டுங்க" என்று முடித்துவிட்டார்.

வைண்டிங்கில் ஆரம்பித்தீர்கள். நூல் நிறைந்த பாபின்களைக் கொண்டுவந்து பெரிய கோன்களாகச் சுற்றும் இடம் அது. பெண்கள் கூடையைத் தள்ளிக்கொண்டு நாள் முழுக்க நடப்பார்கள். மெஷின்களைப் பெயர்த்துப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் அந்த நடை தேவையில்லை என்றீர்கள். சாக்பீஸால் தரையில் படமே வரைந்தீர்கள். முதல் மெஷினை நகர்த்தியும்விட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

உங்கள் காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று அந்தச் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. யாரும் மிதிக்காமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்ய? அழித்துவிடவா, செய்து முடிக்கவா?

முடித்தோம் மச்சான். அந்தப் பெண்களை வைத்துக்கொண்டே முடித்தோம். குருவிகுளம் பக்கத்திலிருந்து மில் வேனில் வருகிற பேச்சியம்மாளை உங்களுக்கு நினைவிருக்கும், குரல் கொஞ்சம் பெரிசு. அவள்தான் முன்னால் நின்றாள். கூடை எந்த உயரத்தில் இருக்கவேண்டும், விளக்கு எங்கே வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நடை போயிற்று, இடுப்பு வலி குறைந்தது, கோன்களும் கூடுதலாக வந்தன. கூடவே பேச்சியம்மாளும் அவளோடு வேனில் வருகிறவர்களுமாக நாலைந்து பேர் மிச்சமானார்கள்.

கணக்கைப் பார்த்த முதலாளி, "அப்ப குருவிகுளம் வேனை நிப்பாட்டிரலாம்" என்றார். மழையை நம்பிய கரிசல் காடு அவர்களுடையது. வேன் நின்றால் அந்த வீடுகளில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இல்லை.

செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பேச்சியம்மாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கு அவள் குரல் பெரிசாக இல்லை.

"சார், ஒண்ணு கேக்கேன். நாங்க நல்லா செஞ்சதுக்குத்தான் எங்கள நிப்பாட்டுதியளா?"

உட்காரும்மா என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. அவள் திரும்பிப் போனாள்.

அப்படியே எழுந்து முதலாளி அறைக்குப் போனேன். நீங்கள் இருந்திருந்தால் நீங்கள் பேசியிருப்பீர்கள், நான் பக்கத்தில் நின்றிருப்பேன். அன்று நான் மட்டும்தான்.

"நாங்க ஜப்பான்லேருந்து பாதியத்தான் கொண்டுவந்திருக்கோம்" என்றேன். "மீதிப் பாதி இல்லாம இது நிக்காது. இவங்கள அனுப்பிட்டா நாளைக்கு ஸ்பின்னிங்ல எவனும் வாயத் திறக்க மாட்டான். எந்த எடத்துல நேரம் வீணாகுதுன்னு தெரிஞ்சாலும் மறைச்சுத்தான் வைப்பான்."

அவர் கோபப்படவில்லை. "நியாயம்தான் முத்துக்குமார். ஆனா பஞ்சு விலை விக்கிற விலையில, வேலை இல்லாத ஆளுக்கு நான் எங்கேருந்து சம்பளம் குடுப்பேன்? அங்க இருக்கிறவனுக்கு ஆர்டர் இருக்கு. எனக்கு?"

அதுவும் உண்மைதானே மச்சான்? அவர் கெட்டவர் இல்லை. வட்டி கட்டுகிறவர்.

அப்போதுதான் பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் டபுளிங் மெஷின்களைச் சொன்னேன். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி இரட்டை நூலாக்கும் அந்தப் பழைய மெஷின்களை ஓடவைக்கலாம் என்று நீங்கள் பேசும்போதெல்லாம், நேரமில்லை என்று தட்டிக் கழித்தவர்கள் நாங்கள். நம் ஊர்த் தறிக்காரர்கள் இரட்டை நூலை வெளியூரிலிருந்துதான் வாங்குகிறார்கள். நாம் இங்கேயே கொடுத்தால் என்ன?

"அண்ணாச்சி இல்லாம அத யாரு ரிப்பேர் பாக்க?"

"நான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டேன். ஸ்பேனர் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று எனக்கு!

ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் தவணை கொடுத்தார். அதுவரை வேன் ஓடும். ஆர்டர் வந்தால் தொடரலாம், வராவிட்டால் நான் அவரோடு வாதாடக் கூடாது.

உங்களிடம் வேலை பார்த்த ஃபிட்டர்களோடு சேர்ந்து இறங்கினேன். கை கிழிந்தது. ஒரு மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. இன்னொன்று கடைசி வரைக்கும் முரண்டு பிடித்தது. அதைக் கழற்றி முதலாவதற்கு உதிரிபாகம் எடுத்துக்கொண்டோம். நீங்கள் பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள். நூல் மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு தறி ஓடும் தெருவெல்லாம் நானே ஏறி இறங்கினேன். முதலில் வாங்கியவர் முறுக்குப் போதாது என்று திருப்பி அனுப்பினார். சரிசெய்து மறுபடி கொடுத்தோம். இந்த முறை நூல் திரும்பி வரவில்லை; இன்னும் கேட்டு ஆள்தான் வந்தது.

தபசு முடிந்து மறுநாள் முதலாளி ஷெட்டுக்குள் வந்து இரட்டை நூலை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். வேன் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் மிச்சமானவர்களில் ஒருத்தி, இந்த இழுபறியிலேயே மனம் வெறுத்து, வாசுதேவநல்லூரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். ஆள் அனுப்பினோம். வரவில்லை. அங்கே சம்பளம் குறைவு, ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். நான் ரவுண்ட்ஸ் போனபோது பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டாள். அவள் இப்போது டபுளிங்கில் இருக்கிறாள். கூட ஸ்பின்னிங்கிலிருந்து ராயகிரிக்காரி ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏட்டி, என்ட்ட சொன்னதச் சார்ட்ட சொல்லு. பயப்படாத, சொல்லு" என்று அவளைத் தள்ளினாள்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "சார், எங்க பக்கம் ரெண்டு பேரு செய்யுதத ஒருத்தியே செஞ்சிரலாம் சார். நான்தான் சும்மா நிக்கேன். எனக்கு வேற வேலை தாங்க" என்றாள்.

தன் இடம் தேவையில்லை என்று ஒருத்தி தானாக வந்து சொல்கிறாள் மச்சான்! மெஷின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். பேச்சியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பதைப் போல.

அவளுக்கு என்ன வேலை தருவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். ஆர்டர் குறையலாம், பஞ்சு விலை ஏறலாம், முதலாளி மனம் மாறலாம். எதுவும் என் கையில் இல்லை.

ஆனால் ஒன்றை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். நல்லது சொன்னதற்காக ஒருத்தியின் பிழைப்பில் கைவைக்கச் சொன்னால், அதற்கு என் கையெழுத்துக் கிடைக்காது. என்னை மீறி அப்படி ஒரு நாள் வந்தாலும், நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிவிட்டு அறைக்குள் இருந்துகொள்ள மாட்டேன். அவர்கள் முன்னால் போய் நின்று, அவர்கள் கேட்பதையெல்லாம் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் சுகம். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை,
முத்துக்குமார்